லங்சாட் குடியரசின் சுகாதார அமைச்சர்

இல்லாத ஒரு நாட்டுக்காக நான் அழுதிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் கழிவறையில், கை உலர்த்தும் இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கி, அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அழுதேன். சற்று நேரத்துக்கு ஒருமுறை இயந்திரம் தானாக நின்றுவிடும். நானும் நின்று, மறுபடி அமுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்த ஒருவர் என் கைகளை மரியாதையோடு பார்த்தார். அவ்வளவு உலர்ந்த கைகளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அந்த நாட்டின் பெயர் லங்சாட். அதன் சுகாதார அமைச்சர் நான்தான்.

இந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கை டாக்டர். பெருந்தொற்றுக் காலம் முழுவதும் கிளாங்கில் ஒரு மருத்துவமனையின் கூடாரத்தில் நின்று வேலை பார்த்தவள். அதெல்லாம் முடிந்ததும் மருத்துவமனையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாள். அடுத்த தொற்று வரும்போது அண்டை நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்காமல் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பதற்காக, அந்த நாடுகளின் சுகாதார அதிகாரிகளைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுக்கும் அலுவலகம் அது. பயிற்சி என்றால் பாடம் கேட்பது இல்லை. ஒரு கற்பனைக் கிருமியை அவிழ்த்துவிடுவார்கள். அதிகாரிகள் கற்பனை நாடுகளின் அமைச்சர்களாக மேசைகளில் உட்கார்ந்து அதைச் சமாளிக்கவேண்டும்.

நானோ மொழிபெயர்ப்பாளன். ரைஸ் குக்கர் வாங்கினால் உள்ளே பல மொழிகளில் ஒரு காகிதம் இருக்குமே, அதில் தமிழ்ப் பகுதி என்னுடையது. யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. உண்மையான தொற்றின்போது மனிதகுலத்துக்கு என் பங்களிப்பு, கொத்தமல்லிக் கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியது.

ஒரு காலை அவள் போன் செய்தாள். "அத்தான், இன்னைக்கு ஃபிரீயா? கோட் இருக்கா?" என்று அந்த வரிசையில் கேட்டாள். ஒரு நாட்டிலிருந்து வரவேண்டிய அதிகாரியின் விமானம் ரத்தாகிவிட்டதாம். ஒரு மேசை காலி. இங்கிலீஷ் பேசத் தெரிந்த, இரண்டு நாள் ஒரே இடத்தில் உட்காரக்கூடிய யாராவது போதும் என்றாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இவரா?" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணக் கோட்டு இன்னும் பொருந்தியது, பொத்தான் போடாதவரை. கிளாங்கில் கமூட்டர் ரயில் ஏறினேன். அந்த வெயிலில் கோட்டோடு நின்றவனை ரயில்வே அதிகாரி என்று எண்ணி, ஒரு ஆன்டி இது சுபாங் ஜெயாவில் நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்று அமைச்சரின் தோரணையில் உறுதியளித்தேன். அன்று நான் கொடுத்த வாக்குறுதிகளில் தடையில்லாமல் நிறைவேறியது அதுதான்.

ஹோட்டல் லிஃப்டில் கொழுந்தியாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஓர் ஒப்பந்த வரைவு இருக்கிறது. நோய் தொடங்கும் நாடு உடனே வாயைத் திறக்கவேண்டும், கிருமி மாதிரியை மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. அப்படிக் கொடுக்கும் நாட்டுக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது கடைசிப் பத்தி. அதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் இடிக்கிறது. ஒத்துக்கொள்ளாத வரிகளை அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பது இந்த உலகத்தின் வழக்கமாம். அந்தப் பத்தி முழுவதுமே அடைப்புக்குறிக்குள் இருந்தது.

"இங்க விளையாட வந்திருக்கிறவங்க எல்லாம் ரியல் ஆபீசர்ஸ், அத்தான்," என்றாள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாலு மேசையும் ஒத்துக்கிட்டா, இவங்களே அந்தப் பத்தியத் தூக்கிட்டு ரியல் மீட்டிங்குக்குப் போவாங்க. இல்லன்னா அது பிராக்கெட்டுக்குள்ளயே கிடந்து செத்துரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஃபைல்ல உள்ளதப் படிச்சாப் போதும். ஜோக் அடிக்காதீங்க."

எந்த நாட்டின் மனமும் புண்படக்கூடாது என்பதால் கற்பனை நாடுகளுக்குப் பழங்களின் பெயர். டுரியான் பணக்கார நாடு. தடுப்பூசித் தொழிற்சாலை அதனிடம்தான். மங்குஸ்தீனிடம் ஆய்வுக்கூடம். ரம்புத்தான் எங்கள் எல்லையை ஒட்டிய நாடு. மிச்சம் நாங்கள், லங்சாட். சாலையோரத்தில் லோரியின் பின்பக்கம் குவித்து வைத்து, டுரியான் வாங்க நிற்பவர்களிடம் 'இதையும் கொஞ்சம் எடுத்துக்கோ பாஸ்' என்று தள்ளிவிடுவார்களே, அந்தப் பழம். ஏழை நாடு. நோய் தொடங்குவதும் எங்கள் துறைமுகத்தில்தான்.

கோப்பைத் திறந்தேன். ஒரு துறைமுகம், ஒரே பெரிய மருத்துவமனை, தாதியர் பற்றாக்குறை, மழைக்காலத்தில் அறுந்துபோகும் ஒரு சாலை. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தேன். காலைத் தேநீருக்குள் எனக்கு அந்த நாட்டைப் பிடித்துவிட்டது. தேசிய கீதம் இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். குறைதான்.

மணி அடித்தது. முதல் செய்தி எங்கள் திரையில் வந்தது: துறைமுகத்தில் காரணம் தெரியாத காய்ச்சல். இப்போதே உலகுக்குச் சொல்லலாம், அல்லது கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று அறிவித்தேன். உண்மையைச் சொன்ன நாட்டுக்கு மாலை போடாவிட்டாலும் நாலு பேர் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் உட்கார்வதற்குள் ரம்புத்தான் எல்லையை மூடியது. டுரியான் எங்கள் விமானங்களை நிறுத்தியதோடு லங்சாட் பழ இறக்குமதியையும் தடை செய்தது. காய்ச்சல் பழத்தில் பரவாது என்று கத்தினேன். டுரியானின் அமைச்சராக இருந்தவர் ஜாவாவிலிருந்து வந்த ஓர் அம்மையார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். குரல் பஞ்சு, முடிவுகள் பாறை. "எங்கள் மக்கள் கவலைப்படுகிறார்கள், பாக் மெந்திரி," என்றார். அமைச்சர் ஐயா என்று என்னை அழைத்த முதல் மனிதர். அதில் பாதிக் கோபம் போய்விட்டது.

மீதிக் கோபத்தில் ஒரு சொற்பொழிவு செய்தேன். படித்தவனுக்குக் கோபம் வந்தால் மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். வெனிஸ் நகரம் கப்பல்களை நாற்பது நாள் கடலில் நிறுத்தியதில் தொடங்கினேன். அங்கிருந்து கிளாங் துறைமுகத்துக்கு வந்தேன். கப்பலில் வந்திறங்கிய என் கொள்ளுத்தாத்தாவை ஊருக்குள் விடுவதற்கு முன் தடுப்பு முகாமில் அடைத்து, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்களாம். ஆகவே உலகச் சுகாதார நிர்வாகத்தோடு எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைக்கும் மேலான பழக்கம் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கொழுந்தியாள் அறையின் பின்பக்கத்திலிருந்து தன் கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டினாள்.

மதியத்துக்குப் பிறகு வந்த செய்திதான் என்னைக் கழிவறைக்கு அனுப்பியது. எங்கள் துறைமுக மருத்துவமனையில் ஒரு தாதி. சோதனைக் கருவி இல்லாததால் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று தெரியாமலே எல்லோரையும் கவனித்துக்கொண்டாள். நோயாளிகளின் கைப்பேசியைப் பிடித்து, அவர்கள் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசவைப்பாள். ஒருநாள் அவள் கைப்பேசியை வேறொருத்தி பிடிக்கவேண்டி வந்தது. அவ்வளவுதான் செய்தி. அறை அடுத்த அலுவலுக்குப் போனது. என்னால் போக முடியவில்லை. என் குடிமகள் அல்லவா.

இரண்டாம் நாள் மாதிரியை அனுப்பும் சடங்கு. அதற்கு ஒரு நீல நிறக் குளிர்பெட்டி வைத்திருந்தார்கள். போர்ட் டிக்சனுக்குப் பிக்னிக் போகும்போது ஐஸ் கட்டி போட்டுப் பானங்கள் எடுத்துப்போவோமே, அந்தப் பெட்டி. பக்கத்தில் 'லங்சாட்' என்று ஸ்டிக்கர். நானே இரு கைகளாலும் தூக்கி மங்குஸ்தீன் மேசைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆய்வுக்கூடத் தலைவராக இருந்த பாங்காக் விஞ்ஞானி எதைச் சொன்னாலும் புன்னகைப்பவர். எழுந்து கைகூப்பி வாங்கிக்கொண்டார். நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மங்குஸ்தீன் கிருமியைக் கண்டுபிடித்தது. டுரியான் தடுப்பூசி செய்தது. செய்து, முதலில் தன் மக்களுக்கு, மிஞ்சினால் மற்றவர்களுக்கு என்றது. ரம்புத்தான் காசு கொடுத்து வரிசையில் நின்றது. எங்கள் மேசைக்கு வந்தது நீலப் பெட்டி மட்டும். கூடவே, 'பெட்டி திரும்பப் பெறப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட ஒரு ரசீது.

நான் மூடியைத் திறந்து பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் கிளாங் சந்தில் பாத்திரம் திரும்பி வந்தால் திறந்து பார்க்காமல் வாங்கும் வீடு கிடையாது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போட்டுப் பக்கத்து மலாய் வீட்டுக்கு ஒரு டப்பா போகும். அது திரும்பும்போது உள்ளே அவர்கள் வீட்டுக் குவே பலகாரம் இருக்கும். எதிர் வீட்டுச் சீனர் ஆரஞ்சுப் பழம் வைத்துத் தருவார். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது போடுவார்கள். வெறும் டப்பாவைக் கொடுத்தால், 'உங்கள் சகவாசம் போதும்' என்று சொல்லி அனுப்பியதாகத்தான் எங்கள் சந்தில் எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

காலியாக வந்திருக்கிறது என்று அறிவித்தேன். பாங்காக் விஞ்ஞானி புன்னகையோடு, ஆமாம், நன்றாகக் கழுவித்தான் அனுப்பினோம் என்றார். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். என்ன குறை என்று கேட்டார்கள். காலியாக இருப்பதுதான் குறை என்றேன். பயிற்சியை நடத்தும் கணினி அந்த ரசீது இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகராதாம். ஆனால் நோயாளி எண்ணிக்கையைக் காட்டும் கோடு மட்டும் திரையில் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரம்புத்தானின் மணிலா அதிகாரி, சாட்சியாகத் தான் கையெழுத்துப் போடட்டுமா என்று உதவ வந்தார். அண்டை நாட்டின் தலையீடு என்று கண்டித்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஓர் அறை முழுவதும் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

தேநீர் இடைவேளையில் கொழுந்தியாள் என் கோட்டைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துப் போனாள்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"காலியா அனுப்பியிருக்காங்கம்மா."

"அது பிளாஸ்டிக் பெட்டி லா. நான் வீட்லேருந்து கொண்டாந்தது."

"யாருதா இருந்தா என்ன? நம்ம கொடுத்த பாத்திரத்துல—"

"கொஞ்ச நேரத்துல ஏர்போர்ட் வேன் வந்துரும். இவங்க எல்லாம் போயிருவாங்க. பத்தி இன்னும் பிராக்கெட்டுக்குள்ள கிடக்கு." அவள் குரலை அடக்கிக்கொண்டாள். "நேத்து அந்த நர்ஸ் நியூஸ் வந்துச்சே, நான் கற்பனை பண்ணி எழுதினதுன்னு நெனச்சீங்களா?"

தாதி என்றதும் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"டெண்ட்ல என் கூட நின்னவ. எங்ககிட்ட டெஸ்ட் கிட் இல்ல. வேற எங்கயோ ஸ்டோர்ல அடுக்கிவெச்சிருந்தாங்க. எங்க சேம்பிள் மட்டும் எல்லாருக்கும் போச்சு. அதுக்காகத்தான் இந்தப் பத்தி, அத்தான். உங்க பெட்டிக்காக இல்ல."

கூடாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அவள் பேசியதே இல்லை. சாப்பாட்டு மேசையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து தட்டுக் கழுவப் போய்விடுவாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அப்ப அவங்களும் உங்களுக்குக் காலியாத்தானே திருப்பியிருக்காங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை, வேலை செய்யாத ரைஸ் குக்கரில் திடீரென்று விளக்கு எரிந்தால் பார்ப்பதுபோல இருந்தது.

"சரி," என்றாள் மெதுவாக. "உள்ள என்ன வெக்கணும்னு அவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

நேர்மையாக யோசித்தேன். "சீனி?"

நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். பிறகு விரல் மடக்கி அவளே சொன்னாள். பரிசோதனை முடிவு மற்றவர்களுக்குப் போவதற்கு முன்னால் மாதிரி கொடுத்த நாட்டுக்கு. பெட்டி திரும்பும்போதே சோதனைக் கருவிகள். தொழிற்சாலையிலிருந்து வரும் தடுப்பூசியில் ஒரு பங்கு, மிச்சத்திலிருந்து இல்லை, முதல் தொகுப்பிலிருந்தே. காரணம் சொல்லாமல் எல்லையை மூடக்கூடாது. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்.

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "வெனிஸ் வேணாம்."

வெனிஸ் இல்லாமல் பேசினேன். முறுக்கு டப்பாவைப் பற்றியும், எதிர் வீட்டு ஆரஞ்சுப் பழத்தைப் பற்றியும் சொன்னேன். துறைமுகத்துத் தாதியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பெட்டியில் எங்கள் காய்ச்சலைப் போட்டு அனுப்பினோம், அதை வைத்து நீங்கள் மருந்து செய்தீர்கள், பெட்டியைக் கழுவி அனுப்பினீர்கள் என்று முடித்தேன். சொதப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

டுரியான் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை இங்கிலீஷில் பேசியவர் மலாய்க்கு மாறினார். "உங்கள் ஊரிலுமா?" என்று கேட்டார். "காலித் தட்டைக் கொண்டுபோனால் எங்கள் அம்மா என்னை வாசலிலேயே மறித்துவிடுவார். ஒரு வாழைப்பழமாவது வைக்கச் சொல்வார்." பாங்காக் விஞ்ஞானியின் புன்னகை முதல் முறையாக மறைந்தது, தன் வீட்டிலும் அதே கதைதான் என்று அவர் ஒத்துக்கொண்டபோது கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. மணிலாக்காரர், எங்கள் பக்கத்தில் அண்டை வீட்டோடு சண்டையென்றாலும் தட்டு காலியாகப் போகாது என்றார்.

அம்மையார் எழுந்து எங்கள் மேசைக்கு வந்தார். நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தேநீர் மேசைக்குப் போய், பலகாரத் தட்டிலிருந்த கறிபாப்புகளை டிஷ்யூவில் பொதிந்து உள்ளே அடுக்கினார். மூடி, இரு கைகளாலும் என் முன்னே வைத்தார்.

"இது இப்போதைக்கு," என்றார். "மீதியை எழுதுவோம்."

ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு நடந்ததுபோல ஒரு கூத்தை நான் கண்டதில்லை. வேடங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் யாரும் நடிக்கவில்லை. நாலு மேசைகளையும் இழுத்து ஒன்றாகப் போட்டோம். வரைவுப் பத்தியைப் பெரிய திரையில் காட்டி, காலைப் பாசாரில் மீன் பேரம் பேசுவதுபோல வார்த்தை வார்த்தையாகப் பேரம் பேசினோம். சோதனை முடிவு முதலில் எங்களுக்கு என்பதில் மங்குஸ்தீன் உடனே ஒத்துக்கொண்டது. சோதனைக் கருவிக்கு ரம்புத்தான்கூட ஒரு பங்கு கொடுக்க முன்வந்தது. எல்லையை மூடியதற்கான குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறேன். தடுப்பூசியில்தான் சிக்கியது. 'இயன்றவரை விரைவில்' என்றார் அம்மையார். எங்கள் வீட்டு மேற்கூரை ஒழுகுகிறது, காண்ட்ராக்டர் பல வருடமாக இயன்றவரை விரைவில்தான் வருகிறார் என்றேன். இந்த முறை சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"என் மக்கள் என்னைக் கேட்பார்களே, பாக் மெந்திரி," என்றார்.

"என் மக்கள் கேட்கவே உயிரோடு இருக்கமாட்டார்கள், இபு மெந்திரி," என்றேன்.

இரண்டு பேருக்கும் மக்களே இல்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் திரையில் இருந்த வரியை மறுபடி படித்தார். அவர் மனதில் ஓடியது டுரியானின் தொழிற்சாலை அல்ல, தன் சொந்தத் தீவுகளில் மருந்துக்குக் காத்திருந்த ஏதோ ஒரு துறைமுகம் என்று பின்னால் தோன்றியது. கீழே வேன் ஹாரன் அடித்தது. ஒவ்வொரு தொகுப்பும் தொழிற்சாலைக் கதவைத் தாண்டும்போதே அதிலிருந்து ஒரு பங்கு, என்று அவரே வாயால் சொல்லச் சொல்லக் கொழுந்தியாள் தட்டச்சு செய்தாள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். இல்லை. திறக்கும் அடைப்புக்குறியை அழித்தாள். மூடும் அடைப்புக்குறியை அழித்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே செருகியிருந்த ஒரு வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுவதில் வெகுநேரம் மும்முரமாக இருந்தாள்.

நாங்கள் கைதட்டினோம். மணிலாக்காரர் மேசையில் தாளம் போட்டார். நான் வேன்வரை ஓடிப்போய் எல்லோருக்கும் கைகாட்டினேன். வேன் திரும்பிய பிறகும், சேலைக்கடை வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்கப் பார்க்கக் காட்டிக்கொண்டிருந்தேன். கிளாங் வரும்வரை கமூட்டரில் உட்காரவே முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதலிலிருந்து சொன்னேன். மறுநாளும் சொன்னேன். டுரியான் அம்மையாரின் பகுதியை அவர் குரலிலேயே சொல்லக் கற்றுக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் கொழுந்தியாள் போன் செய்தாள். உண்மையான கூட்டம் முடிந்துவிட்டதாம். அந்த அம்மையாரே எழுந்து பத்தியைப் படித்தாராம். பங்கு எவ்வளவு என்பதில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், ஆனால் முதல் தொகுப்பிலிருந்தே என்பது அப்படியே நிற்கிறது. அடைப்புக்குறி இல்லை. அவள் சாதாரணமாகச் சொல்லத்தான் முயன்றாள், ஆனால் இதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

சரித்திரத்தில் லங்சாட்டின் இடம் பற்றி அவளிடம் கொஞ்சம் பேசினேன். அனுபவமுள்ள அமைச்சர்கள் அபூர்வம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். அடுத்த பயிற்சி எப்போது, நான் எந்த நாடு என்று கேட்டேன்.

"அடுத்ததுலயும் உங்களுக்கு ஒரு ரோல் வெச்சிருக்கேன் அத்தான்," என்றாள்.

"பிரதமரா?"

"ஐசியூ பேஷண்ட். வாயில டியூப் இருக்கும், பேச முடியாது."